சுண்ணாம்பர் கீறிய ஐந்தாம் மாடி

சுவர் இல்லாத வீட்டுக்குள் போகும்போதும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகிற மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஊர்ச் சபையில் கட்டட வேலை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. அதைப் பட்டியல் எழுதுகிறவர் மாதத்துக்கு ஒருதரம் பாவிப்பார். சபைக்குத் தலைவரான தவிசாளர் முதல் கழிவுநீர்க் கான் துப்புரவாக்குகிறவர் வரை மற்ற எல்லோருக்கும் அவர் சுண்ணாம்பர்.

எந்தச் சபை என்று கேட்காதீர்கள். யன்னலைத் திறந்தால் திருகோணமலைத் துறைமுகம் தெரியும், பூட்டினால் புழுங்கும். அவ்வளவு அடையாளம் போதும். நான் அங்கே எழுதுவினைஞன். கூட்டங்களில் யார் என்ன சொன்னார் என்று குறிப்பு எழுதுவது என் வேலை. யாரும் ஒன்றும் சொல்லாத கூட்டத்துக்கும் நாலு பக்கம் எழுதியிருக்கிறேன்.

சுண்ணாம்பரின் வேலை இன்னும் சுலபமானது. வீடு கட்ட விரும்புகிறவர் வரைபடத்தோடு வருவார். சுண்ணாம்பர் காணியைப் போய்ப் பார்த்து, "இடம் பார்த்தேன், சரி" என்று எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். வேறு ஊரில் இது பத்து நிமிட வேலை. எங்கள் ஊரில் அரை நாள். சுண்ணாம்பர் கடதாசியை நம்பமாட்டார். சைக்கிள் கரியரில் ஒரு சாக்குச் சுண்ணாம்புத் தூளைக் கட்டிக்கொண்டு போய், வரைபடத்தில் உள்ள வீட்டை அப்படியே முழு அளவில் நிலத்தில் கீறுவார். கீறி முடிந்ததும் செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, வீட்டுக்காரரைக் குடும்பத்தோடு உள்ளே விடுவார்.

"இனி இருங்கோ பாப்பம்" என்பார்.

இருப்பதென்றால் சும்மா நிற்பது இல்லை. ஒருவர் குசினியில் சமைக்க வேண்டும். ஒருவர் அறையில் நீட்டி நிமிர்ந்து படுக்க வேண்டும். ஒருவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் காட்ட வேண்டும். தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் சுண்ணாம்பர் கவலைப்படமாட்டார்.

ஒருமுறை ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வீடு கட்டினார். சுண்ணாம்பு ஹோலுக்குள் கதிரையைப் போட்டு அவரை உட்கார வைத்தார்கள்.

"ஐயா, உங்கட கதிரை எப்பவும் இந்த இடத்திலதானோ?" என்று சுண்ணாம்பர் கேட்டார்.

"ஓம். காத்து வாற இடம்."

குசினிக்குள் நின்ற தபாலதிபரின் மனைவி அகப்பையோடு திரும்பினார். "பாத்தீங்களோ ஓவசியர்? முப்பது வருசமா இதுதான் கதை. தேத்தண்ணியோட வந்தா இவரைச் சுத்தித்தான் நான் வரவேணும்."

சுண்ணாம்பர் காலால் ஒரு கோட்டை அழித்து, குசினி வாசலை இரண்டு அடி இடப்பக்கம் தள்ளிக் கீறினார். வீடு கட்டி முடிந்த பிறகு அந்த அம்மாவைச் சந்தையில் கண்டேன். இப்போது புருசனோடு சண்டை பிடிக்க வேறு காரணம் தேட வேண்டியிருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

சுண்ணாம்பரின் வீட்டுக்குள் நுழைய ஒரு சட்டம் உண்டு. வாசலால்தான் வரலாம். ஒருநாள் தவிசாளர் ஏதோ அவசரக் கடிதத்தில் ஒப்பம் வாங்க, கீறிக்கொண்டிருந்த இடத்துக்கே வந்துவிட்டார். சுண்ணாம்பர் ஹோலுக்குள் நின்றார். தவிசாளர் நேரே அவரிடம் நடந்தார்.

"சேர், சுவர்" என்றார் சுண்ணாம்பர்.

தவிசாளர் டக்கென்று நின்றார். திரும்பினார். வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலால் நுழைந்தார். நுழைந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. கோபப்பட வாயைத் திறந்தார்.

"செருப்பு, சேர்" என்றார் சுண்ணாம்பர்.

இந்தப் பழக்கம் எப்படித் தொற்றியது என்று நான் அவரிடமே கேட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மரம் விற்கும் ஒரு மரக்காலை முதலாளியின் வீட்டுக்குக் கடதாசியைப் பார்த்தே ஒப்பம் வைத்தாராம். வீடு எழும்பியது. மகளின் கலியாணத்துக்கு முதலாளி முதிரை மரத்தில் ஒரு கட்டில் செய்வித்தார். பத்துப் பேர் தூக்கிய கட்டில் அது. வாசலுக்குள் போனது, விறாந்தையில் திரும்பவில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் அதை நடுவில் மரம் அரிகிற வாளால் அறுத்தார்கள்.

"அறுத்தது ஆர் தெரியுமோ? முதலாளியே. வேற ஒருத்தரும் கை வைக்கமாட்டன் எண்டிட்டினம்" என்றார் சுண்ணாம்பர். "அந்தாள் என்னை ஒரு சொல்லுச் சொல்லேல்ல. அழுதுகொண்டு அறுத்தார். அந்த நாளோட நான் கடதாசியை நம்புறதை விட்டனான்."

இனி என் கதைக்கு வருகிறேன்.

உட்துறைமுகத்தைப் பார்த்தபடி சபைக்குச் சொந்தமான பெரிய காணி ஒன்று இருந்தது. அதன் ஒரு கரையில் டொக்யாட் தொழிலாளர்களுக்கென்று எந்தக் காலத்திலோ கட்டிய குவாட்டஸ் வரிசை, நாற்பத்துநாலு வீடு. மிச்சம் எல்லாம் எருக்கலையும் உடைந்த வள்ளங்களும். அந்த வரிசையில் பன்னிரண்டாவது வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். மாரி தொடங்கினால் எங்கள் வீட்டுச் சட்டி பானை எல்லாம் கூரை ஒழுக்குக்குக் கீழே வேலைக்குப் போய்விடும். சமைக்க ஒன்று மிஞ்சாது. பதினோராவது வீட்டு றஹீமாத்தா கறியோடு வருவார். அவர் வீட்டில் ஒழுக்கு எங்களைவிட ஒன்று குறைவு.

கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்து இந்தக் காணியை நீண்ட குத்தகைக்குக் கேட்டது. முன்னால் கடலைப் பார்த்து மூன்று உயரமான கோபுரங்கள், விற்பனைக்கு. பின்னால் ஐந்து மாடியில் ஒரு கட்டடம், எங்கள் நாற்பத்துநாலு குடும்பத்துக்கும் இலவசமாக. இதற்கு முன்னும் இரண்டு கம்பனிகள் வந்து, படம் காட்டி, சபையின் நிபந்தனைகளைக் கேட்டு, "யோசிச்சுச் சொல்லுறம்" என்று போனவை. இன்னும் யோசிக்கின்றன போலிருக்கிறது. அதனால் இந்தமுறை வரிசை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா தேவாலயத்தில் கம்பனிக்காக மெழுகுதிரி கொளுத்தினார்.

ஆறு மாதம் பேச்சுவார்த்தை நடந்தது. எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதியவன் நான். முதலில் கம்பனி குடும்பத்துக்கு ஓர் அறை வீடு என்றது. எங்கள் தவிசாளர் விடவில்லை. மேசையில் தட்டினார். எழுந்து போனார். திரும்பி வந்தார். கடைசியில் கம்பனி இரண்டு அறைக்குச் சம்மதித்தது. அன்றைக்குத் தவிசாளரைத் தோளில் தூக்காத குறை. ஊரில் எங்கே கண்டாலும், "இரண்டு அறை, சண்டை பிடிச்சு எடுத்தனான்" என்று இரண்டு விரலைக் காட்டுவார்.

கையெழுத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது கம்பனியின் மனேஜர் சபை மண்டபத்துக்கு ஒரு மாதிரிக் கட்டடத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இளம் ஆள், படிப்பால் பொறியியலாளர், கொழும்புத் தமிழ். மாதிரிக்குள் கண்ணாடியில் கடல், பஞ்சில் மரம், நடுவில் உண்மையாகவே தண்ணீர் பாயும் குட்டி நீரூற்று. பிறகு திரையில் ஒரு படம் காட்டினார். அதில் நிறையப் பேர் கடற்கரையில் ஓடினார்கள். ஒருவருக்கும் வியர்க்கவில்லை.

எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு, பின்வரிசையிலிருந்து சுண்ணாம்பர் எழுந்து மேசைக்கு வந்தார். குனிந்து, பின்பக்கத்துச் சின்னக் கட்டடத்துக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"தம்பி, உள்ளுக்கு ஒண்டும் இல்லையே."

"இது மாதிரிக் கட்டடம் தானே ஐயா" என்றார் மனேஜர். "உள் அளவெல்லாம் ஒப்பந்தத்தின்ட பின்னிணைப்பில இருக்கு."

சுண்ணாம்பர் பின்னிணைப்பை வாங்கிக்கொண்டு மூலைக்குப் போனார். அளவுகளைத் தன் சின்னக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். கொப்பிக்கு அடுத்தது சுண்ணாம்புச் சாக்குத்தான் என்று எனக்குத் தெரியும்.

நான் பயந்தபடியே மறுநாள் என் மேசைக்கு வந்தார். "தம்பி, ஸ்போர்ட்ஸ் மீற்றுக்கு எடுத்த சுண்ணாம்பு மிச்சம் கிடக்கோ?"

"ஐயா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறன்" என்றேன். "இதைக் கெடுத்துப் போடாதேங்கோ. இவங்களும் போனா எங்களுக்கு வேற ஆருமில்லை. அம்மா இன்னொரு மாரியை அந்தக் கூரைக்குக் கீழ தாங்கமாட்டா."

"நான் கெடுக்கேல்ல. கீறிப் பாக்கிறன்."

"தனி வீடு எண்டாக் கீறலாம். ஐஞ்சாம் மாடியை எங்க கீறுவியள்?"

"நிலத்திலதான். நான் என்ன, ஆகாயத்திலயோ கீறுறது?" என்றவர், போக எழுந்து திரும்பிக் கேட்டார். "உம்மட அம்மாவின்ர கட்டில் எத்தினை அடி?"

"தெரியாது" என்றேன். தெரியும். ஆறரைக்கு நாலு. அவரோடு அன்றைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போகவில்லை. அடுத்த நாளும் போகவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தக் கிழமை முழுவதும் அவர் முகத்தில் விழிக்காமல் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்து. மண்டபத்தில் மாலை, குத்துவிளக்கு, புதுப் பேனா எல்லாம் ஆயத்தம். ஒன்பதே முக்காலுக்குத் தவிசாளர் ஒப்பந்தக் கோவையைப் புரட்டினார். பின்னிணைப்பின் அடியில் "இடம் பார்த்தேன், சரி" என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஒப்பம் இல்லாமல் ஒப்பந்தம் செல்லாது.

"ஓவசியர் எங்க?" என்றார்.

நான் யன்னலைத் திறந்தேன். பக்கத்தில் சபை மைதானம். புல்லின் மேல் வெள்ளைக் கோடுகள். ஐந்தாம் மாடியின் இரண்டு வீடுகள், நடுவில் பொது விறாந்தை, படிக்கட்டு, லிஃப்ட். மைதானத்தின் மற்றக் கரைத் தொங்கலில் கம்பனியின் நீரூற்றும் கீறப்பட்டிருந்தது. எங்கள் வரிசைச் சனம் முழுவதும் அங்கே நின்றது. இடப்பக்க வீட்டுக்குள் என் அம்மா நின்றார். விளக்குமாற்றால் இல்லாத வீட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய் ஒப்பம் கேட்டேன். சுண்ணாம்பர் வாசலில் செருப்பில்லாமல் நின்றார். "இடம் பாத்துத்தான் ஒப்பம். எல்லாரையும் வரச்சொல்லும், மனேஜரையும்" என்றார்.

தவிசாளர் பற்களைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தார். பின்னால் உறுப்பினர்கள். அவர்களுக்குப் பின்னால் மனேஜர், கையில் கோவை. மனேஜர் சிரித்தபடி நேரே ஹோலுக்குள் காலை வைத்தார். நாற்பத்துநாலு குடும்பமும் ஒரே குரலில் சொன்னது: "சேர், சுவர்."

அவர் வாசலுக்குப் போய், அங்கே குவிந்து கிடந்த செருப்புகளைப் பார்த்து, தன் சப்பாத்தையும் கழற்றினார். மைதானத்தில் நெருஞ்சி முள் உண்டு. காலுறையோடு வந்தவர் ஐந்தாம் மாடிக்குள் நொண்டிக்கொண்டுதான் நுழைந்தார்.

"இனி இருங்கோ பாப்பம்" என்றார் சுண்ணாம்பர்.

றஹீமாத்தா குசினியில் அடுப்பை வைத்தார். வைத்ததும் அவருக்கு நிற்க இடமில்லை. விறாந்தையில் நின்று கையை நீட்டிக் கிண்டுவதுபோலக் காட்டினார். தவிசாளர் கொஞ்சம் அகலமான மனிதர். அவரைக் குளியலறைக்குள் விட்டார்கள். உள்ளே போனார், கதவைச் சாத்த முடியவில்லை. பக்கவாட்டில் நின்றால் கதவு சாத்துப்பட்டது, ஆனால் குந்த முடியவில்லை. "சரி, சரி, விளங்குது" என்று வெளியே வந்தார். இரண்டாவது அறைக்குள் கட்டிலும் அலுமாரியும் கீறப்பட்டிருந்தன. அலுமாரியைத் திறக்கக் கட்டிலில் ஏறி நிற்க வேண்டும்.

"இந்த அறை நான் சண்டை பிடிச்சு எடுத்தது" என்றார் தவிசாளர்.

"ஓம் சேர். அவையள் ஒரு அறைக்கு நடுவில ஒரு சுவரைக் கீறித் தந்திருக்கினம். சுவர்தான் கூடினது, இடம் கூடேல்ல."

தவிசாளர் தன் இரண்டு விரலையும் பார்த்துக்கொண்டார். ஆறு மாதக் குறிப்பும் எழுதிய எனக்கே அது அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் எனக்குச் சுண்ணாம்பர் மேல்தான் கோபம். மனேஜர் கோவையை மூடிக்கொண்டு காருக்குப் போய்விடுவார் என்று பயந்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மா வாயைத் திறந்தார். விளக்குமாற்றைச் சுவரில் சாத்தப் போய், சுவர் இல்லாதது நினைவுக்கு வந்து, கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் செத்தா என்னை எப்படிக் கீழ இறக்குவியள்?"

எங்கள் ஊரில் செத்தவரை ஹோலில் வைத்து, ஊர் வந்து பார்த்து, பிறகு நாலு பேர் தோளில்தான் வெளியே கொண்டுபோவது. அதுகூட இல்லாவிட்டால் அது என்ன வீடு?

"பாப்பம்" என்றார் சுண்ணாம்பர். "ஒரு வாங்கு வேணும். நீளமான ஆள் ஒண்டு வேணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆறடி. தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் குந்தியிருக்கும் நீட்டு வாங்கு வந்தது. கூட்டக் குறிப்பு எழுத வேண்டியவன், குறிப்புக் கொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு பிணமாகப் படுத்தேன். இரண்டு உறுப்பினர்கள் தலைமாட்டில், தவிசாளர் கால்மாட்டில். நாலாவது ஆள் குறைந்தது.

"தம்பி, ஒரு கை குடும்" என்றார் சுண்ணாம்பர். மனேஜர் கோவையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு என் இடக்காலைப் பிடித்தார்.

தூக்கினார்கள். ஹோலைத் தாண்டி வாசலுக்கு வந்தார்கள். விறாந்தையில் வாங்கு திரும்பவில்லை. முன்னுக்குப் போனார்கள், பின்னுக்கு வந்தார்கள். "தலை சுவருக்குள்ள போகுது, சேர்" என்று சனம் சொன்னது. லிஃப்டுக்குள் பாதிதான் போனது. படிக்கட்டில் அதுவும் இல்லை.

"நிமித்தி வைச்சா லிஃப்டுக்குள்ள போகும்" என்றார் ஓர் உறுப்பினர். வாங்கை நிமிர்த்தினார்கள். நான் வழுக்கினேன்.

"என்ர பிள்ளையை நிமித்தாதேங்கோ" என்றார் அம்மா. விளையாட்டென்று அவருக்குத் தெரியும். ஆனால் சொன்ன குரல் விளையாட்டில்லை.

"உங்கட ஆக்களைத் தூக்கப் பெட்டி, எங்கட ஆக்களைத் தூக்கச் சந்தூக்கு" என்றார் றஹீமாத்தா. "இரண்டும் இதில திரும்பாது."

வாங்கை இறக்கினார்கள். மனேஜர் குனிந்து கோடுகளைப் பார்த்தபடி நின்றார். பிறகு ஒன்று சொன்னார். அதை அவர் சொல்லாமல் விட்டிருந்தால் எங்கள் ஒருவருக்கும் தெரிந்திராது.

"ஐயா, நீங்க சுவர் தடிப்பு விடல்ல."

சுண்ணாம்பர் நிமிர்ந்தார்.

"ஒற்றைக் கோடு தானே கீறியிருக்கிறீங்க. சுவர் ஆறு அங்குலம் வரும். உள்ளுக்குள்ள இதைவிடச் சின்னன்."

சுண்ணாம்பர் கொப்பியைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். வழக்கமாக ஒவ்வொரு சுவருக்கும் இரட்டைக் கோடு கீறுகிற மனிதர். விடிய எழும்பி நாற்பத்துநாலு குடும்பத்தையும் நினைத்துக்கொண்டு கீறிய அவசரத்தில், சுவருக்குத் தடிப்பு உண்டென்பதை மறந்துவிட்டார். அப்படியே ஹோலின் நடுவில் உட்கார்ந்தார். "கட்டிலுக்குப் பிறகு நான் விட்ட பிழை இதுதான்" என்றார். சுண்ணாம்பு படிந்த கையால் முகத்தைத் துடைத்தார். ஒரு கிழமை முகம் கொடுக்காமல் திரிந்த எனக்கு, வாங்கிலிருந்து எழுந்துபோய் அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிணம் எழும்பக் கூடாதென்று கிடந்தேன்.

மனேஜர்தான் போனார். "பறவாயில்ல ஐயா, சாக்கைத் தாங்க" என்றார். காலுறையோடு, குனிந்தபடி, ஒவ்வொரு கோட்டுக்கும் உள்ளே இரண்டாவது கோட்டைத் தானே இழுத்தார். தன் கம்பனியின் வீட்டைத் தன் கையால் சுருக்கிக்கொண்டே போனார். நான் பொறியியலாளர் பலரைப் பார்த்திருக்கிறேன். அதில் இவரைத்தான் எனக்குப் பிடித்தது.

இந்த நேரம் பார்த்துக் பழைய கடற்கரைக் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று மைதானத்துக்குள் வந்தது. எங்கள் ஊரில் மான் பஸ் நிலையத்துக்கே வரும். அது நேரே சுவர்களுக்குள்ளால் நடந்து, இரண்டாவது அறையில் நின்று புல் மேய்ந்தது. சுண்ணாம்பர் அதைச் சுவர் என்று மறிக்கவில்லை.

"அதை ஏன் விட்டனீங்கள்?" என்று தவிசாளர் கேட்டார்.

"அதுக்கு வீடு குடுக்கிறம் எண்டு நாங்கள் ஒப்பந்தம் எழுதேல்லைத்தானே சேர்" என்றார் சுண்ணாம்பர். ஆள் தெளிந்துவிட்டார்.

பேச்சுவார்த்தை அந்த ஹோலுக்குள்தான் நடந்தது. ஆறு மாதம் மண்டபத்தில் நடக்காதது நிலத்தில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலத்தில் நடந்தது. மனேஜர் ஒளிக்காமல் பேசினார். வீட்டைப் பெரிதாக்கினால் முன்கோபுரத்தில் விற்க இடம் குறையும், மேலிடம் திட்டத்தையே கைவிட்டுவிடும் என்றார். சுண்ணாம்பர் மைதானத்தின் அடுத்த தொங்கலைக் காட்டினார்.

"உந்த நீரூற்று எங்கட ஆறு வீட்டளவு வருது. கீறிப் பாத்தனான். கடல் பக்கத்தில கிடக்கு. அதுக்குள்ள இன்னொரு தண்ணி ஆருக்கு?"

மனேஜர் நீரூற்றுக்கு நடந்துபோய்ப் பார்த்தார். நீரூற்றை எடுத்துவிட்டால் எங்கள் கட்டடத்தை அந்தப் பக்கம் நீட்டலாம். விறாந்தையை ஆறு அடி ஆக்கலாம். அறைக்குள் கட்டிலைச் சுற்றி ஆள் நடக்கலாம். தவிசாளரும் தன் பங்குக்கு இறங்கி வந்தார். முன்கோபுரம் ஒன்றுக்கு இன்னும் ஒரு மாடி எழுப்பச் சபை சம்மதம் தரும் என்றார். உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். இனிக் கொழும்பு சொல்ல வேண்டும்.

மனேஜர் கீறிய எங்கள் வீட்டுப் பல்கனிக்குப் போய் நின்று தொலைபேசியில் கதைத்தார். வரிசை முழுவதும் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றது.

"ஓம் சேர்... ஐஞ்சாம் மாடியில நிக்கிறேன் சேர்... இல்ல சேர், இன்னும் கட்டல்ல... நான் நல்லாத்தான் இருக்கிறேன் சேர்... பிரேதம் திரும்புதில்ல சேர்... இல்ல, ஒருத்தரும் சாகல்ல..."

நெடுநேரம் கதைத்தார். அம்மா செபமாலையை எடுத்துவிட்டார். றஹீமாத்தாவின் உதடும் அசைந்துகொண்டிருந்தது. கடைசியில் மனேஜர் தொலைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார். குறுக்கே இரண்டு எட்டு வைத்தால் எங்களிடம் வந்துவிடலாம். கோட்டை மிதித்து அவர் வரவில்லை. அறைக்குள்ளால், விறாந்தையால், வாசலைச் சுற்றி ஹோலுக்குள் வந்தார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"சரியாம்" என்றார்.

திருத்திய ஒப்பந்தம் இரண்டு கிழமையில் கையெழுத்தானது. "இடம் பார்த்தேன், சரி" என்று சுண்ணாம்பர் ஒப்பம் வைத்தார். அன்றைய குறிப்பில், "சபையினர் ஐந்தாம் மாடிக்குச் சென்று ஆராய்ந்தனர், எழுதுவினைஞர் காலமானதால் ஒரு மணித்தியாலக் குறிப்பு இல்லை" என்று எழுதினேன். தவிசாளர் வாசித்துவிட்டு ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டார்.

கட்டி முடிப்பதற்குள் சுண்ணாம்பர் ஓய்வுபெற்று, கப்பல்துறைக் கிராமத்தில் தங்கச்சி குடும்பத்தோடு போய் இருந்துவிட்டார். வீட்டுத் திறப்புக் கையில் கிடைத்த அன்றைக்கே போய் அவரைக் கூட்டிவந்தேன். ஐந்தாம் மாடிக்கு லிஃப்டில் வர மறுத்து, படியால் ஏறி, ஒவ்வொரு திருப்பத்திலும் கையை விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து, சுவரை உள்ளங்கையால் தடவினார். அவர் ஒரு சுவரைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"தடிப்பு எவ்வளவு?"

"ஆறு அங்குலம் ஐயா."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, ஒருக்காப் படுமன்."

அவருக்காக அந்தப் பழைய வாங்கைத் தேத்தண்ணிக் கடையில் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். படுத்தேன். வரிசை ஆட்கள் நாலு பேர் தூக்கினார்கள். ஹோல், வாசல், விறாந்தை. வாங்கு ஒரு இடத்திலும் முட்டாமல் திரும்பியது. விறாந்தையில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவும் றஹீமாத்தாவும் காலை மட்டும் மடக்கி வழிவிட்டார்கள். மழை அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. உள்ளே சட்டியெல்லாம் அடுப்பில் இருந்தன.

"போதும், எழும்பு" என்றார் அம்மா. "ஓவசியர், நீங்கள் சாப்பிட்டுட்டுத்தான் போகவேணும்."

சபை மைதானத்தில் இப்போது பந்தடிக்கிறார்கள். கோடுகள் அந்த வருச மாரியிலேயே கரைந்துவிட்டன. சந்தைக்குப் போகிற குறுக்கு வழி அதற்குள்ளால்தான். எல்லோரும் நேரே நடக்கிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் அது ஏலாது. அந்த இடம் வந்ததும் நின்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுற்றிப்போய், வாசலால்தான் போகிறேன்.